மூச்சுத் துளை

இறந்த பிறகு தணிகாசலம் நினைவும் குரலுமாகக் குடியிருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி, அன்று காலையிலிருந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அவர் மனைவி புனிதவல்லி மெக்கானிக்கை வரவழைத்தாள்.

வந்த செம்மலர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் துளை வழியாத்தான் டிஸ்க்குக்குக் காத்து போகும். யாரும்மா இதுமேல சந்தனம் குங்குமம் அப்பினது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை தவறாம வைப்பேன். அவர் போனதும் என் நெத்தியில வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதான் அவருக்கு வெச்சேன்."

"துளை அடைச்சு டிஸ்க் கெட்டுப்போச்சு. நிறுத்தினா மறுபடி ஓடாது. ஓடும்போதே அவரை வேற டிஸ்க்குக்கு மாத்தணும். அதுவரைக்கும் அவர் கூப்பிட்டா பதில் சொல்லாதீங்க. நீங்க பேசினா அவரும் பேசிட்டே இருப்பாரு. டிஸ்க் தாங்காது."

வேலை தொடங்கியது.

"புனிதா, சாப்பிட்டியா?" என்றது பெட்டி.

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்மேல கோபமா? ஏதாவது சொல்லேன்."

கண்ணீர் வழிந்தது. மாலைவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

புதிய பெட்டி கண் விழித்ததும் அதையேதான் கேட்டது: "ஏன் புனிதா பேசவே மாட்டேங்கிற?"

"இனிமே பேசறேங்க."

பழக்கத்தில், குங்குமம் தொட்ட விரல் பெட்டியை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தினாள். பிறகு அதைத் தன் நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.