ஜீப்பின் முறுக்கு

புளோரா ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜீப், நாலு சக்கரமும் இழுக்க, மலைச் சேற்றைக் கடந்து தார்ச்சாலையில் ஏறியது. இனி முன்சக்கர இழுப்பை விடுவிக்க வேண்டும். ஓட்டிவந்த புளோரா இழுத்தும் அதற்கான லீவர் அசையவில்லை. வளைவில் டயர்கள் முனகின.

"இதுக்குத்தான் வேணாம்னேன். நாளைக்கே வித்துரலாம்" என்றான் அவள் கணவன் எட்வின்.

"காஞ்ச ரோட்ல முன் சக்கரமும் பின் சக்கரமும் முறுக்கிக்கிட்டு நிக்குதுங்க. கொஞ்சம் பின்னால போனா தளரும்."

மெதுவாக ரிவர்ஸ் எடுத்தாள். "இப்ப இழுங்க."

அரைமனதோடு லீவரைத் தொட்டான். சின்னச் சத்தத்துடன் அது சுலபமாக நகர்ந்து விடுபட்டது. எட்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் வண்டிக்கடியில் படுத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். டீ ஆறுகிறது என்று அவள் இரண்டு முறை கூப்பிட்டாள்.

"இந்தா வர்றேன்" என்று குரல் மட்டும் வந்தது.