கை நடுக்கம்

எனக்குத் துரோகம் செய்தவன் கிளெமென்ட். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கார் பெயின்ட் ஷெட் வைத்திருந்தான். அங்கே ஸ்ப்ரே கன் பிடிப்பது இரண்டே பேர், அவனும் நானும்.

என் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு அவனிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தான். அப்புறம் எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"உத்தமா, நாளையிலருந்து கன்னைத் தொடாதே. உன் கை நடுங்குது, பெயின்ட் வழியுது. வெளியே போய் ஒடுக்கு தட்டுற டிங்கரிங் வேலையைப் பாரு."

என் கையா நடுங்குகிறது? நான் அடித்த காரில் ஒரு சொட்டு வழிந்ததில்லை!

"மாப்பிள்ளைக்கு இப்பவே நடுக்கம்டா!" என்று ஷெட்டே சிரித்தது.

அந்தப் பேர் ஏரியா முழுக்கப் பரவி, வேறு ஷெட்டிலும் யாரும் எனக்கு கன் கொடுக்கவில்லை. காலம் முழுக்க ஒடுக்கு தட்டியே பிழைத்தேன். அவனோடு பேச்சை விட்டேன்.

போன வாரம் என் மகன் கிஷோரின் டாக்டர் என்னையும் வரச் சொன்னார். கிஷோருக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. குறை அவனிடம்தான் என்று டெஸ்டில் தெரிந்திருந்தது.

"பெரியவரே, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"கார் பெயின்டர் சார். மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு அடிப்போம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சில கெமிக்கல் ஆம்பளைங்க ஹார்மோனைக் கெடுக்கும். அது அவங்களோட நிக்காம பிள்ளை வரைக்கும் போகலாம்னு ஆராய்ச்சி நடக்குது. ஜீன் மாறாது. அது வேலை செய்ற விதம் மாறலாம்."

எனக்குப் புரிந்தது. அடியில் கறை இருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் தெரியும். என் கறையா என் பிள்ளை உடம்பில்?

மருமகள் லாவண்யா தரையைப் பார்த்தாள். கிஷோர் என் பக்கமே திரும்பவில்லை.

"கிஷோர் பிறக்குறப்பவும் பெயின்ட் அடிச்சிட்டு இருந்தீங்களா?"

"இல்லை சார். அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே ஒரு பாவி கன்னைப் பிடுங்கிட்டான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அந்தப் பாவிக்கு ஒரு கும்பிடு போடுங்க. உங்களால வந்ததுன்னு நினைக்க வேண்டாம். இவருக்கு விதைப்பைக்கு மேல ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. சின்ன ஆபரேஷன்தான். நம்பிக்கையா இருங்க."

அப்பாடா! கிஷோர் என் தோளில் கை வைத்தான்.

ஆனால் மனசு கேட்கவில்லை. நேரே கிளெமென்ட் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மௌரீன் கதவைத் திறந்தாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் எதுக்கு என் கன்னைப் பிடுங்கினார்?"

"இதை இப்பவா வந்து கேக்குற?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு ஏன் பிள்ளை இல்லைன்னு அந்த வாரம்தான் டாக்டர் சொன்னார். குறை இவர்கிட்டதான், பெயின்ட் புகையா இருக்கலாம்னார். ஷெட்ல அத்தனை ஆம்பளைங்க முன்னாடி இதை எப்படிச் சொல்வார்? உன் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கையில குடுத்துட்டு, 'எனக்குப் போனது போச்சு, இனிமே நானே அடிச்சுக்கறேன், அவனாவது நல்லா இருக்கட்டும்'னார்."

உள்ளே இருமல் சத்தம். "யாரு மௌரீன்?"

"உத்தமன்."

அதே பழைய குரல்.

"காபி குடு. டம்ளரைப் பார்த்துக் குடு, அவன் கை நடுங்கும்!"

குடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. என் கை நடுங்காது என்று அவன் வாயால் சொல்கிற வரைக்கும் நான் விடுவதாக இல்லை.