சீட்டில் வராத பெயர்

"எங்களுக்கு நீங்கள் இழைத்த அநீதிகள் மூன்று," என்றது மாதா கோவிலின் முழந்தாளிடும் பலகை, ஜன்னலுக்கு அப்பால் ஜெபக்கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியிடம். "முதலாவது, எங்கள் சுவரை ஒட்டியே கூடம் கட்டினீர்கள். இரண்டாவது, பூசை நேரத்தில் டிரம்ஸ் அடித்தீர்கள். மூன்றாவது, செசிலியைக் கொண்டுபோனீர்கள். இருபது வருடம் என்மேல் முழந்தாளிட்டவள் அவள்."

"நாங்க யாரையும் தூக்கிட்டு வரலண்ணே, அவங்களாத்தான் நடந்து வந்தாங்க," என்றது நாற்காலி. "இங்க வாய்விட்டு அழலாம். உங்க கோவில்ல அழுதா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களாமே?"

பலகைக்குச் சுருக்கென்றது. "நாளை கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தால் பூசையில் வாசிப்போம். அவள் புருஷனுக்கு இந்த வருடம் சீட்டு வரவில்லை. நீங்களாவது அவனுக்காக ஜெபிப்பீர்களா?"

"செத்தவங்களுக்கு ஜெபம் கிடையாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டார்." நாற்காலி குரலைத் தாழ்த்தியது. "ஆனா எல்லாரும் கைதூக்கிப் பாடும்போது அவங்க மட்டும் என்மேல உட்கார்ந்து ஒரு பேரை முணுமுணுக்கிறாங்க. அந்தச் சத்தத்துல எனக்கு மட்டுந்தான் கேக்கும்."

மறுநாள் மாதா கோவிலில், பூசைக்கு உதவும் உபதேசியார் சீட்டுகளை வாசித்து முடிக்கும் நேரம். பைபிள் பையோடு செசிலி வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை. கசங்கிய சீட்டு ஒன்றை முன்னால் இருந்தவரிடம் நீட்டினாள். அது வரிசை வரிசையாகக் கைமாறிப் பீடத்துக்குப் போனது. உபதேசியார் அதை விரித்து, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"அருளப்பன்."