சோபாவுக்காக எடுத்த நகம்

சிங்காரி என்ற பூனைக்கு முன்னங்கால் நகம் பத்தும் போனது ஒரு சோபாவால்தான்.

"சட்டப்படி இது கூடாதும்மா" என்று டாக்டர் இழுத்தார்.

"பழைய சோபாவை நார்நாராக் கிழிச்சிருச்சு டாக்டர். நாளைக்குப் புதுசு வருது" என்றாள் வீட்டம்மா.

டாக்டர் கதவைச் சாத்தினார். நகத்தோடு விரல் நுனி எலும்பும் போயிற்று.

அதன்பின் ஒன்றுக்குப் போக மண்தட்டில் கால் வைத்தாலே சிங்காரிக்கு உயிர் போகும். மெத்தென்று இருந்தது அந்தப் புது சோபா ஒன்றுதான். அதிலேயே மூத்திரம் பெய்தது. வீடு நாறியது. போகியன்று வீட்டம்மா பழையது கழிக்கிறேன் என்று சோபாவையும் பூனையையும் சேர்த்தே தெருவில் தள்ளிக் கதவடைத்தாள்.

"என்னாலதானே உனக்கு இந்தக் கதி" என்றது சோபா.

"சும்மா கிட. நீயா கேட்டே?" என்றது சிங்காரி.

தெருமுனையிலிருந்து செவலை நாய் வந்தது.

"அடடே, மகாராணி! மரத்துல ஏறேன், பார்ப்போம்."

சிங்காரி வேப்பமரத்தில் பாய்ந்தது. வழுக்கியது. மறுபடி பாய்ந்தது, மறுபடி வழுக்கியது. நாய் அவசரமே இல்லாமல் நெருங்கியது.

"என் மேல ஏறுடி!" என்று சோபா கத்தியது. "நல்லாக் கீறிப் பிடிச்சுக்கோ. இனி யாரும் திட்டமாட்டாங்க!"

சிங்காரி தாவி ஏறி, பலம் கொண்ட மட்டும் பிடித்தது. நாய் பின்னங்காலைக் கவ்வி இழுத்தது.

மறுநாள் குப்பை வண்டிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு சோபாவைத் தடவிப் பார்த்தான்.

"நாத்தம்தான். ஆனா துணியில ஒரு கீறல்கூட இல்லையேப்பா."