பின்னால் நிற்கும் ஆள்

"பின்னாடி நிக்கிற ஆளை மட்டும் எடுத்துட்டு, மாலை வெயில் எஃபெக்ட் போட்டுடுங்கண்ணா," என்றாள் புதுப்பெண். ஸ்டுடியோவில் படம் திருத்தும் தணிகாசலம் அந்தக் கடற்கரைப் படத்தைப் பெரிதாக்கினார். தம்பதியின் தோள்களுக்கு நடுவே, கையில் சுண்டல் பொட்டலத்தோடு தூரத்தில் நின்றிருந்தது அவரேதான். போன ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டை. ஊரார் முகத்தையெல்லாம் பளிச்சென்று ஆக்கித் தந்தவரை இத்தனை வருடத்தில் யாரும் படம் எடுத்ததில்லை. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தனியாக நின்று எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. மவுஸை நகர்த்தினார். அவர் நின்ற இடத்தில் கடல் வந்து நிறைந்தது. மாலை வெயிலும் ஏறியது. மணலில் நிழல் மட்டும் நீளமாகக் கிடந்தது.

"அது யாரு நிழல்ணா?"

"தெரியலம்மா," என்று அதன்மேல் மணலைப் பரப்பினார்.