கதிரவேல் எடுத்த துவக்கு

யோகலிங்கம் ஸ்னைப்பரை எடுத்துவிட்டான். எப்போதும் அவன்தான் முந்திக்கொள்வான்.

பூரணிக்கு முன்னால் கணினித் திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் யோகலிங்கத்தின் பெயர், பச்சையில். அடுத்ததில் அவளுடைய பெயர். மூன்றாவதில் தம்பி கதிரவேலின் பெயர், ஆள் வரவில்லை என்கிற சாம்பல் நிறத்தில்.

சோல்ஜர், ஸ்னைப்பர், எஞ்சினியர், மெடிக். ஆளுக்கு ஒன்றை எடுக்க வேண்டும்; ஸ்னைப்பர் ஒருவருக்குத்தான், மற்றவை எத்தனை பேருக்கும். மூன்று பேரும் எடுத்தால்தான் ஆட்டம் தொடங்கும். பிணங்கள் எழும்பி வந்து கடிக்கிற ஊரில் விடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

"காய்ச்சல்காரன் இன்னும் படுக்கையோ?" என்று அண்ணன் எழுதினான். பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு.

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா தொலைபேசியில் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள். தொலைபேசியில் வேறென்னத்தைச் சொல்வது, நடுவில் எவன் காதை வைத்துக்கொண்டிருக்கிறானோ. நீயும் சொல்லிவிடாதே, தனிய இருக்கிற பிள்ளை தாங்கமாட்டான் என்று பூரணியிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

துறைமுகத்தில் வேலை முடிந்து பாலையூற்றில் இருக்கிற வீட்டுக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த கதிரவேலைப் போன கிழமை நம்பர் இல்லாத வெள்ளை வான் வண்டி ஒன்றில் யாரோ ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, இன்றைக்குச் சொல்லியே தீருவது என்றுதான் பூரணி வந்திருந்தாள். இந்த விளையாட்டில் எழுதிக் கதைப்பதை எவனும் ஒட்டுக்கேட்கமாட்டான் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. பூரணியின் கல்யாணப் பேச்சுவரை பெரிய கதைகளெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் இங்கேதான் நடந்தன.

"தங்கச்சி, கரண்ட் போனாலும் போகும், கெதியாப் பாருங்கோ" என்று நெற் கபே நடத்தும் ஸெய்னுதீன் நானா மேசையிலிருந்து சொன்னார். அவர் சத்தத்தைத் தாழ்த்திச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அவருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். அங்கே பனிக்குள் இருந்து சிரிப்பு முகம் அனுப்புகிறவனுக்குத்தான் தெரியாது.

"வந்தும் என்ன பிரயோசனம்? மெடிக் எண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவான். பயந்தாங்கொள்ளி" என்று அண்ணன் அடுத்து எழுதினான்.

ஆத்திரத்தில் அவளுக்கு எழுத்துப் பிழைத்தது. அழித்தாள். மறுபடியும் பிழைத்தது.

ஓம், கதிரவேல் எப்போதும் மெடிக்தான். ஒரு நாளும் மாற்றியதில்லை. துவக்கு வைத்திருப்பவர்கள் விழுந்தால் ஓடிப்போய் எழுப்பிவிடுவான். கையில் கிடைக்கிற பிஸ்டலைக்கூடக் கீழே போட்டுவிட்டு இன்னொரு மருந்துப் பெட்டியைத் தூக்குவான். செத்த பிணத்தைச் சுடுவதற்கே மனம் வராத பிள்ளை.

ஒன்றும் செய்யாதவனை ஏன் பிடிக்கப்போகிறார்கள் என்று இராணுவ முகாம் வாசலில் காவல் நின்ற ஒருவன் அரைகுறைத் தமிழில் கேட்டான். அதையேதான் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டாள், தேத்தண்ணி குடித்துக்கொண்டு. விளையாட்டில்கூடத் துவக்குத் தொடாதவன் என்று இவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? எந்தப் பொலிஸ்காரன் இதை முறைப்பாட்டில் எழுதுவான்? நாசமாய்ப் போவான்கள். எல்லாருமே.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். 'அண்ணா, தம்பியை...'

சாம்பல் பெயர் பச்சையானது.

கதிரவேல்.

பூரணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள். விட்டுவிட்டார்கள். எங்கேயோ ஒரு திரைக்கு முன்னால் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். அம்மா இந்நேரமும் ஏதோ ஒரு முகாம் வாசலில் தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும்.

தம்பியின் பெயருக்குக் கீழே அம்புக்குறி அசைந்தது. மெடிக்கைத் தாண்டியது. எஞ்சினியரைத் தாண்டியது.

சோல்ஜர்.

அவள் மெல்லக் கதிரையில் இருந்தாள். இது அவன் இல்லை.

பிடித்துக்கொண்டு போனவர்கள் பாஸ்வேர்டை அடித்து வாங்கியிருக்கிறார்கள். வாங்கி, அவனுடைய பெயரிலேயே இருந்து விளையாடுகிறார்கள். அவளுக்குத் தெரிந்த தூஷணமெல்லாம் விரலுக்கு வந்தது, தெரியும் என்று அவளே நினைத்திராததும் வந்தது. ஆனால் தம்பியின் உயிர் அந்தக் கைகளில் இருக்கிறது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு மரியாதையாக எழுதினாள்.

"நீங்கள் ஆர்?"

பதில் வரக் கனநேரம் பிடித்தது.

"நான்தான், உன்ரை அண்ணன். அவன்ரை பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். மற்றக் கொம்பியூட்டரிலை போட்டனான்."

ரொறொன்ரோவரை கை நீண்டிருந்தால் அந்தக் கணத்தில் அவனை அறைந்திருப்பாள்.

அடுத்த வரி வந்தது. "காய்ச்சல் எண்டு அம்மா அழுதுகொண்டு சொன்னவ. காய்ச்சலுக்கு ஆர் அழுறது? அவனைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கீட்டுது. உன்னைக் கோபப்படுத்தினாலாவது வாய் திறப்பாய் எண்டு பாத்தன்."

பூரணி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு, "ஏன் சோல்ஜர்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒருக்காலாவது அவன்ரை கையிலை துவக்கு இருக்கட்டும்."

அவளுடைய கட்டம் இன்னும் காலியாகக் கிடந்தது. வழக்கமாக எஞ்சினியர் எடுத்து வேலி அடைக்கிறவள் அவள்.

இன்றைக்கு அவளும் சோல்ஜரை எடுத்தாள்.

உங்கள் அணியில் மெடிக் இல்லை, விழுந்தால் எழுப்பிவிட ஒருவரும் இருக்கமாட்டார்கள், தொடங்கலாமா என்று திரை கேட்டது.

பூரணி ஓம் என்று அழுத்தினாள்.