பத்து நிமிடச் சலுகை

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் டேப்லெட் ஒருவழியாக உயிரை விட்டது.

கயல்விழி திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம். பீங்கான் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் பின்புறக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கோவிந்தராசு சூளைப் பக்கம் போயிருந்தார்.

வாசல் அறைச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்தான் கம்பெனியின் வருகைப்பதிவு. காலையில் அதற்கு முகத்தைக் காட்ட வேண்டும். எட்டரை மணி வேலைக்கு எட்டு நாற்பதுக்குள் காட்டினால் பச்சை. தாண்டினால் சிவப்பு. மணி மட்டும் அதில் தெரியாது.

அந்தப் பத்து நிமிடம் முதலாளி கொடுத்த சலுகை என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே கோவிந்தராசு சொல்லியிருந்தார். ஆயுத பூசையன்று பெண்கள் அதற்காக முதலாளிக்கு ஒரு கும்பிடும் போட்டார்கள். எதற்கென்று விளங்காமலே அவரும் சிரித்துவைத்தார்.

மாதத்தில் நாலு சிவப்பு விழுந்தால் வேலை கிடையாது.

கயல்விழிக்கு இன்று காலை மூன்றாவது. தேதி பதினொன்றுதான் ஆகிறது. "மெஷினு பொய் சொல்லாதும்மா" என்று கோவிந்தராசு வேறு எல்லார் முன்னாலும் சொன்னார்.

அவள் என்ன செய்வாள்? பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, கருவேப்பிலங்குறிச்சியில் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸைப் பிடித்து, விருத்தாசலத்தில் இறங்கி ஓட்டமாய் ஓடி வந்தாலும் எட்டு நாற்பத்து மூன்றுக்குத்தான் வாசலை மிதிக்க முடிகிறது. அதற்கு முந்தின பஸ்ஸில் வந்தால் பிள்ளை வாசப்படியில் உட்கார்ந்து வேனுக்குத் தேவுடு காக்க வேண்டும்.

நாலே நிமிடம். டேப்லெட்டின் கடிகாரத்தை நாலு நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது.

ஆனால் நேரம் மாற்றும் இடத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டுமாம். அது கையில் வந்துவிட்டால், அந்தக் கருவிக்குள் எவன் என்ன செய்ய நினைத்தாலும் நம்மைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். யூடியூபில் இந்திக்காரன் ஒருவன் அதைச் சொல்லிக்கொடுத்தான். அவன் பேசியது ஒரு வார்த்தை புரியவில்லை. விரல் எங்கெங்கே போகிறது என்பதை மட்டும் பதினெட்டு முறை பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள்.

தப்பாய்ப் போனால் டேப்லெட் செத்துச் செங்கல்லாகிவிடும் என்று வீடியோவுக்குக் கீழே யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்.

செங்கல்லுக்குப் பயந்தவள் சூளை வேலைக்கு வருவாளா? பிள்ளையார் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து மெருகுக் குழம்பில் முக்கி எடுப்பது அவள் பிழைப்பு. நாளொன்றுக்கு நானூறு பிள்ளையார். இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

மெமரி கார்டைச் செருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது.

கிழட்டுக் கருவி. வருகைப்பதிவு எழுந்து வந்து திரையை மூடிக்கொள்ள எப்படியும் இரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

கார்டில் ஏற்றி வந்ததை ஓடவிட்டாள். சக்கரம் சுற்றியது. சுற்றியது. நின்றது.

இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

'இந்தக் கருவி ஏற்கெனவே ரூட் செய்யப்பட்டுள்ளது.'

கூட்டியது தப்போ என்று மறுபடியும் கூட்டினாள். அதேதான் வந்தது.

அடுத்து ஒரு பெட்டி எழும்பியது. அனுமதிக்கவா, மறுக்கவா என்றது. பிறந்ததிலிருந்து கயல்விழியிடம் ஒருவரும் அனுமதி கேட்டதில்லை. இருந்த அவசரத்தில் அதை அனுபவிக்கக்கூட முடியவில்லை. அனுமதித்தாள்.

எல்லாமே திறந்துகொண்டது. வருகைப்பதிவின் உட்பக்கம்கூட.

வேலை தொடக்கம்: 8.30. சலுகை நேரம்: 0.

டேப்லெட்டின் கடிகாரம் ஒரு மணி இரண்டு நிமிடம் என்றது. இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

அவளுக்கு மெல்ல உறைத்தது. முதலாளி ஒரு நிமிடம்கூடக் கொடுத்திருக்கவில்லை. அவளுக்கு முன்பே யாரோ உள்ளே புகுந்து, கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள்.

பின்னால் யாரோ செருமினார்கள்.

கோவிந்தராசு நின்றிருந்தார். அவர் கண் டேப்லெட் திரையில் இருந்தது. கயல்விழிக்கு முந்தானையால் திரையைத் துடைக்கிற பாவனை செய்யத் தோன்றியது. கைதான் வரவில்லை. போச்சு, நாலாவது சிவப்புக்குக்கூட வேலை வைக்காமல் இன்றைக்கே வெளியே என்று நினைத்தாள்.

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"அந்த இந்திக்காரன் வீடியோவா?"

தலையாட்டினாள்.

"நானும் அதத்தான் பாத்தேன்." சுவரைப் பார்த்தபடி சொன்னார். "பாசஞ்சர்ல எறங்கி நான் நடந்து வரதுக்கு எட்டு முப்பத்தெட்டு ஆயிடுது."

டேப்லெட் லேசாகக் கனைத்தது. வருகைப்பதிவு எழுந்துகொள்ளத் தொடங்கியிருந்தது.

"சீக்கிரம் சொல்லும்மா. ஒனக்கு எத்தினி நிமிசம் வேணும்?"

"நாலு சார்."

"அஞ்சா தள்ளு. பஸ்ஸுக்காரன நம்ப முடியாது."